அண்ணன் வரைந்த பட்டர் பேப்பர்

ஜூலை 7, திங்கள்

கெமிஸ்ட்ரி டெஸ்டில் கடைசிக் கேள்வியை விட்டுவிட்டேன். பதில் தெரியும். பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன், மணி அடித்துவிட்டது. மிஸ் தாளை வாங்கிக்கொண்டு என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். முன்பெல்லாம் திட்டியிருப்பார். இப்போது யாரும் என்னைத் திட்டுவதில்லை.

சனிக்கிழமை அண்ணனுக்கு முப்பதாம் நாள் பூசை. பாட்டுக் குழுவில் கீபோர்டு மட்டும்தான். அண்ணன் கிட்டாரோடு உட்காரும் ஸ்டூலில் பாட்டுப் புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தார்கள்.

போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். அம்மா பார்த்தால், "என்னடி எழுதற?" என்று கேட்பாள். என்ன சொல்வது?

ஜூலை 9, புதன்

செய்யக் கூடாததைச் செய்துவிட்டேன்.

அண்ணனின் போன் அம்மாவின் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் இருந்தது. ஆக்சிடென்ட் நடந்த மறுநாள் போலீஸ் அவன் பையோடு சேர்த்துக் கொடுத்தது. ஒரு மூலையில் மட்டும் விரிசல். அம்மா கடைக்குப் போயிருந்தபோது எடுத்து, என் கட்டிலுக்குப் பின்னால் சார்ஜ் போட்டேன். ‘ட’ எழுதுவது போல இழுத்தால் திறக்கும். அண்ணன் என் முன்னால் மறைக்கவே மாட்டான். வருஷத்துக்கும் சேர்த்து ரீசார்ஜ் போட்டிருந்தான், அதனால் நெட் வந்தது. வந்ததும் போன் நடுங்கிக்கொண்டே இருந்தது. எல்லாம் கம்பெனிப் பையன்கள் அனுப்பியவை. கும்பிடும் கைகள், மெழுகுவர்த்திகள்.

ஒருவர் மட்டும் வேறு மாதிரி. ‘பெருமாள் அண்ணே கிருஷ்ணகிரி’ என்று சேமித்திருந்தான். கோயில் திருவிழாக்களில் பாடும் ஒரு இன்னிசைக் குழுவில் கிட்டார் வாசிப்பவர். எழுதவே மாட்டார் போல, எல்லாமே வாய்ஸ் மெசேஜ். கடைசியாக வந்ததைக் காதோடு வைத்துக் கேட்டேன்.

"தம்பி, எங்கடா போன? ஆடி பொறந்தா ஊரு ஊரா ப்ரோக்ராம் இருக்குது. பெட்டி ரெடியா இல்லியா? உன்ன நம்பித்தான் பழச ஒருத்தனுக்குக் குடுத்துட்டேன். கோவமா எம்மேல?"

இவருக்குத் தெரியாது. உலகத்தில் ஒரு ஆளுக்கு அண்ணன் இன்னும் இருக்கிறான். மெசேஜ் பார்க்காமல் சோம்பேறித்தனமாக எங்கோ இருக்கிறான்.

"ரெடி ஆயிட்டிருக்குண்ணே" என்று டைப் செய்து அனுப்பிவிட்டேன்.

அந்த உரையாடலில் மேலே தள்ளிப் பார்க்கவில்லை. மேலே அண்ணன் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களும் இருக்கின்றன. என்னால் முடியாது.

ஜூலை 10, வியாழன்

ஏன் அனுப்பினேன்? ஏன்?

ஜூலை 13, ஞாயிறு

அம்மாவும் அப்பாவும் தெருவில் சர்ச் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்துக்குப் போனார்கள். தலைவலி என்று சொல்லிவிட்டு மாடி ரூமுக்குப் போனேன். ஷீட் போட்ட அந்தச் சின்ன ரூமை அப்பா பூட்டி, சாவியைத் திரு இருதயப் படத்துக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார். அடக்கம் முடிந்து வந்த அன்று பூட்டியது. "இந்த டப்பாங்கதான்டி என் புள்ளய கொன்னுது" என்றார் அம்மாவிடம். அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

டப்பா என்று அப்பா சொல்வது பெடல் பெட்டிகளை. கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் தரையில் வைத்து, காலால் அமுக்கினால் கிட்டாரின் சத்தம் மாறும். உறுமும், அழும், எதிரொலிக்கும். கடையில் வாங்கினால் விலை அதிகம். அண்ணன் கம்பெனி ஷிஃப்ட் முடித்து வந்து அதைத் தானே செய்வான். வெறும் அலுமினியப் பெட்டிகளையும் பார்ட்ஸையும் பெங்களூரில் எஸ்.பி. ரோட்டில் வாங்கி வருவான். அன்றும் அதற்குத்தான் பைக்கில் போனான். திரும்பி வரும்போது அத்திப்பள்ளிக்கு முன்னால் மழை, ஒரு லாரி.

மேஜை மேல் எல்லாம் அப்படியே இருந்தது. ஒரு பிளாஸ்டிக் கவரில் ‘பெருமாள் அண்ணே’ என்று ஸ்கெட்ச்சில் எழுதி, உள்ளே சர்க்யூட், வயர், சாக்கெட், சுவிட்ச் எல்லாம் சால்டர் செய்து முடித்து வைத்திருந்தான். பெட்டியில் பொருத்த வேண்டியதுதான் பாக்கி. பெட்டிக்குத்தான் துளையே போடவில்லை. கவரோடு டெம்ப்ளேட்டும் கிளிப் போட்டிருந்தது.

டெம்ப்ளேட் என்றால் சிலுவை மாதிரி வெட்டிய தாள். நடுவில் பெட்டியின் முகம், நாலு பக்கமும் மடங்கும் இறக்கைகள். எங்கே எந்தத் துளை வரவேண்டும் என்று வட்டம் வட்டமாக வரைந்திருப்பான். பெட்டிமேல் ஒட்டி, வட்டத்தின் நடுவில் பஞ்ச் ஆணியை வைத்துக் குறி தட்டி, அப்புறம் டிரில். அண்ணன் துளைக்கும்போது பெட்டியைப் பிடித்துக்கொள்வது என் வேலை. ஒட்டுவதை நான் பார்த்ததில்லை. ஸ்கூல் விட்டு வருவதற்குள் ஒட்டி, பஞ்ச் தட்டி, தாளையும் உரித்து வைத்திருப்பான்.

இதைப் பட்டர் பேப்பரில் வரைந்திருந்தான், இரண்டு பக்கமும் கோடு தெரிகிற மாதிரி. எதற்கு அது? சாதாரணத் தாள் போதாதா? ‘இன்’, ‘அவுட்’, ‘வால்யூம்’, ‘ஃபஸ்’ என்று அவன் கையெழுத்து.

பெட்டி வேண்டும். அது போலீஸ் கொடுத்த பையில்தான் இருந்தது, அதுவும் இந்த ரூமில்தான் கிடந்தது. பையை யாரும் திறக்கவில்லை. நான் திறந்தேன். மேலாக இருந்த பெட்டியின் ஒரு மூலை ரோட்டில் தேய்ந்திருந்தது.

அதைத்தான் எடுத்தேன். ஏன் என்று கேட்டால் தெரியாது.

ஜூலை 19, சனி

எங்கள் வீட்டில் டிரில் ஓட்டினால் தெருவுக்கே கேட்கும். என் கிளாஸ் மெஹ்னாஸிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். "பைத்தியமாடி நீ?" என்றாள். அப்புறம், "எங்க அத்தா கடைல சத்தத்துக்கு என்ன கொறச்சல், அங்க வா" என்றாள்.

அவள் அப்பா பஷீர் அஹமது ராயக்கோட்டை ரோட்டில் கிரில், கேட் செய்கிறார். நாங்கள் போனபோது ஜன்னல் கம்பி அறுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாப்பா இது, டிபன் பாக்ஸுக்கு ஓட்டையா? சாம்பாரு ஒழுவாது?"

"அத்தா! இது ஜாக்சன் அண்ணனோடது" என்றாள் மெஹ்னாஸ்.

அவர் கட்டரை நிறுத்திவிட்டார். மேஜை மேலிருந்த கம்பிகளை எல்லாம் ஒதுக்கித் துணியால் துடைத்தார். "குடு, நானே போட்டுத் தர்றேன்" என்றார்.

"இல்ல மாமா. நானே போடறேன்."

"செரி. கண்ணாடி போட்டுக்க. அலுமினியம் கண்ணுல தெறிக்கும்."

எழுத்து நேராகத் தெரியும்படி டெம்ப்ளேட்டைப் பெட்டிமேல் வைத்து, சுற்றி செலோ டேப் ஒட்டினேன். பஞ்ச் வைத்துத் தட்டினேன். முதலில் சின்ன பிட், பிறகு படிப்படியாகப் பெரிதாகிற பிட். மெஹ்னாஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள், நான் துளைத்தேன். நான் அண்ணனுடைய இடத்தில், அவள் என்னுடைய இடத்தில். அலுமினியம் சுருள் சுருளாக வந்து மணிக்கட்டில் சுட்டது.

"ஏய், பெட்டி அசையுது."

"தெரியும். நீ கெட்டியா புடி."

முடித்ததும் மாமா ஒவ்வொரு துளையிலும் விரல் விட்டுப் பிசிறை அரத்தால் தேய்த்துக் கொடுத்தார். மூலையில் இருந்த தேய்மானத்துக்கும் அரத்தைக் கொண்டு போனார். "அது வேணாம் மாமா" என்றேன். அரத்தைக் கீழே வைத்துவிட்டார்.

ஜூலை 20, ஞாயிறு

பெருமாள் அண்ணன் கூப்பிட்டார். சைலன்ட்டில்தான் இருந்தது, ஆனாலும் தலையணைக்கு அடியில் வெளிச்சம். அம்மா அதே ரூமில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலையணை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் எழுதினேன்: "தொண்டை கட்டிருச்சுண்ணே, பேச முடியல."

உடனே வாய்ஸ் வந்தது. "மொளகு ரசம் வெச்சுக் குடிடா தம்பி. பாட்டுக்காரனா நீ, கிட்டாரு வாசிக்கத் தொண்ட எதுக்கு!" என்று சிரிக்கிறார்.

நானும் சிரித்துவிட்டேன். அம்மா திரும்பிப் பார்த்தாள். இந்த வீட்டில் யாரோ சிரித்துவிட்டார்களே என்கிற மாதிரி.

ஜூலை 27, ஞாயிறு

பொருத்திவிட்டேன். எல்லாம் நட்டு முடுக்குகிற வேலைதான். ஆனால் உள்ளே வயர் எட்டவில்லை. அண்ணன் எப்போதும் கச்சிதமாக வெட்டுவான், இதில் மட்டும் ஏன் குட்டையாக விட்டான்? டெம்ப்ளேட்டில் ‘இன்’ என்று இருந்த துளைக்கு இன்புட் சாக்கெட்டைக் குறுக்காக இழுத்து மாட்டினேன். மற்றதையும் அப்படியே. பேட்டரி போட்டுக் காலால் அமுக்கினேன். சிவப்பு லைட் எரிந்தது.

எரிந்தது! அண்ணனிடம் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 2, சனி

மெஹ்னாஸும் நானும் பஸ் ஸ்டாண்டில் கிருஷ்ணகிரி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தோம். பழைய துணியில் சுற்றி, ஸ்வீட் பாக்ஸில் வைத்து, மேலே பெருமாள் அண்ணனின் போன் நம்பர். "உள்ள என்ன?" என்றார் கண்டக்டர். "மியூசிக்" என்றாள் மெஹ்னாஸ். "அப்ப பாடிக்கிட்டே போலாம்" என்று டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்தார்.

சாயங்காலம் வாய்ஸ் வந்தது. "வந்திருச்சு தம்பி. அம்சமா இருக்குது. மூலைல லேசா ஒரசியிருக்குது, பரவால்ல, பஸ்ஸுல பட்டிருக்கும்."

பஸ்ஸில் படவில்லை அண்ணே.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வேலை முடிந்துவிட்டது. இனி அவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். டைப் செய்தேன். ‘ஜாக்சன்’ வரைக்கும் வந்தது. அடுத்த வார்த்தை வரவில்லை. அழித்துவிட்டேன். நான் அனுப்பினால் கிருஷ்ணகிரியிலும் அவன் செத்துப்போவான்.

ஆகஸ்ட் 9, சனி

நேற்று ஆடி வெள்ளி. காலையில் வந்த வாய்ஸ் மெசேஜை நான் கேட்டபடியே எழுதி வைக்கிறேன்.

"தம்பி, நேத்து குந்தாரப்பள்ளில மானம் போயிருச்சு போ. சோலோ வருது, காலு வெக்கறேன், சத்தமே இல்ல. செத்துப்போச்சு. பாடற சுமலதா திரும்பி மொறைக்குது, தபேலாக்காரன் இளிக்கறான். அப்பறம் என்னமோ தோணி வயர மாத்திக் குத்துனேன். யம்மா, பேய் மாதிரி கத்துச்சு! ஜனம் விசிலு. ஆனா தம்பி, போன வருசம் நீ குடுத்த பெட்டில இன்புட்டு வலப்பக்கம்தான இருந்துச்சு? ஊரு ஒலகத்துல எல்லாம் அப்படித்தான? இதுல எடப்பக்கம் வெச்சிருக்கற. நீ தூக்கத்துல செஞ்சாக்கூட இப்படித் தப்பாதே. என்னாச்சுடா உனக்கு? ஒருவாட்டி பேசு. உன் கொரல கேட்டு எத்தன நாளாச்சு."

"சும்மா மாத்திப் பாத்தேண்ணே" என்று அனுப்பினேன்.

ராத்திரி வரை பதில் இல்லை. இப்போதுதான் வந்தது. "நாளைக்கு ஓசூரு வர்றேன். உன்ன பாக்கணும்."

வராதீங்கண்ணே வராதீங்கண்ணே வராதீங்க. மூன்று முறை அனுப்பிவிட்டேன். இரண்டு டிக் விழவில்லை. போனை அணைத்துவிட்டாரோ? வீட்டு அட்ரஸ் அவருக்குத் தெரியாது. தெரியாதுதானே? ஆனால் எந்தச் சர்ச் என்று அண்ணன் சொல்லியிருப்பான். சொல்லியிருப்பான்.

மாதாவே.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் தூக்கம் வராது.

முதல் பூசை முடித்து வந்து டிபன் சாப்பிட்டிருந்தோம். உப்புமா. அண்ணன் போனதிலிருந்து அம்மா தோசைக்கல்லை எடுப்பதே இல்லை. வாசலில், "ஜாக்சன் வீடுங்களா?" என்று குரல். எனக்கு அந்தக் குரல் தெரியும். அடுப்படியிலேயே நின்றுவிட்டேன்.

நான் நினைத்ததைவிடச் சின்ன ஆள். தலைக்கு டை, மினுமினுக்கிற சட்டை, கையில் ரெக்சின் பை. வரும்போதே அழுதுகொண்டு வந்தார்.

"கோயிலு கேட்டுல சொன்னாங்கங்க. நான் நம்பல. நேத்து வரைக்கும் பேசிட்டு இருந்தனே!"

"யார்கூட?" என்றார் அப்பா.

"தம்பிகூடங்க. மெசேஜுல."

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள். யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அதை நான் எப்படி எழுதுவேன். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"என்ன சொன்னான்? எம்புள்ள என்ன சொன்னான், சொல்லுங்க?"

அம்மா மறுபடி கேட்டாள். அவர் சட்டையைப் பிடித்துக் கேட்டாள்.

நான் வெளியே வந்தேன். "நான்தாம்மா. அண்ணன் போன்ல நான்தாம்மா அனுப்பினேன்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த வெளிச்சத்தை நான்தான் அணைத்தேன். நானேதான்.

அப்பா எழுந்து வந்தார். அடிக்கப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது, பெருமாள் அண்ணன் பையிலிருந்து எடுத்த பெட்டி அப்பா கையில் இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேய்ந்த மூலையில் கட்டை விரல் நின்றது.

"இது அன்னிக்கு அந்தப் பையில இருந்ததா?"

"ஆமாப்பா."

பெட்டியை டேபிள் மேல் மெதுவாக வைத்துவிட்டு பாத்ரூமுக்குள் போனார். பைப்பைத் திறந்துவிடும் சத்தம். ரொம்ப நேரம் தண்ணீர் ஓடியது.

பெருமாள் அண்ணன் என்னைப் பார்த்தார். "நீயா பாப்பா ஓட்ட போட்ட?"

தலையாட்டினேன்.

"இன்புட்டு எடப்பக்கம் இருக்கறத பாத்ததுமே எனக்குச் சுருக்குன்னுச்சு. தம்பி கை இல்லியே இதுன்னு. அவனுக்கு ஒடம்பு சரியில்லையோன்னுதான் வந்தேன். இப்படின்னு…"

"குடுங்கண்ணே, சரி பண்ணித் தர்றேன்." அங்கிள் என்று சொல்லத்தான் நினைத்தேன். இவ்வளவு நாள் எழுதிப் பழகி அண்ணே என்றே வந்துவிட்டது. அதற்கும் அவர் அழுதார்.

"வேணாம் கண்ணு. இருக்கட்டும். இனிமே நான் இந்தப் பக்கமே குத்திக்கறேன்."

போகும்போது அம்மாவின் காலருகில் உட்கார்ந்து, "நல்ல பையன்மா" என்றார். அம்மா நிமிரவே இல்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

யாரும் என்னிடம் பேசவில்லை. போன் ஹாலில், டிவி மேல் இருக்கிறது. மறைக்க இனி எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஸ்கூலிலிருந்து வந்தால் மாடி ரூம் திறந்திருக்கிறது. எல்லாவற்றையும் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டார் என்று நினைத்து ஓடினேன். அப்பா உள்ளே, அண்ணனின் ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்தார். ஒன்றும் எடுக்கவில்லை. ஒன்றையும் தொடக்கூட இல்லை. என்னைப் பார்த்துவிட்டு, "டீ குடிச்சியா?" என்று மட்டும் கேட்டார்.

அப்பா இறங்கிப் போன பிறகு, நான் ஒட்டிக் கிழிந்த டெம்ப்ளேட்டை எடுத்து டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். எங்கே தப்பினேன்? கை தவறித் தாள் திரும்பியது. பின்பக்கமாகப் பார்த்தால் ‘இன்’ வலது பக்கம் இருக்கிறது. எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. எழுத்து மட்டும்தான் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறித் தெரிகிறது.

கவிழ்த்து ஒட்டியிருக்க வேண்டும். அதற்குத்தான் பட்டர் பேப்பர். வயரும் குட்டை இல்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பான். இனி யாரைக் கேட்பேன், என் அண்ணா?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அப்பா போனைக் கொண்டு வந்து நீட்டினார். "லாக்கு எப்படிடி எடுக்கறது?"

‘ட’ இழுத்துக் காட்டினேன். அவர் விரல் பெரியது, இரண்டு முறை தப்பியது. மூன்றாவது முறை திறந்தது. "சரி" என்று வாங்கிக்கொண்டு போனார்.

சாயங்காலம் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மத்தவங்களும் கேப்பாங்கல்ல? போட்டுரு" என்றாள். அண்ணனின் ஸ்டேட்டஸில் அவன் போட்டோ வைத்து, பெயர், தேதி எழுதினேன். ‘இறைவனில் இளைப்பாறுகிறான்’ என்று அம்மா சொல்லச் சொல்ல டைப் செய்தேன். அனுப்பும் பட்டனை நான் அமுக்கவில்லை. என்னால் முடியவில்லை. அம்மா என் விரலைப் பிடித்து அமுக்கினாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

மெஹ்னாஸ் லஞ்சில் பாதி முட்டையை எனக்கு வைத்தாள். சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

காலையில் போன் சார்ஜரில் இருந்தது. நான் போடவில்லை. அம்மாவும் இல்லையாம். வயரை இரண்டு சுற்றுச் சுற்றி ஆணியில் மாட்டுவது அப்பாதான்.

பெருமாள் அண்ணனின் பெயரைத் திறந்தேன். முதல் முறையாக மேலே தள்ளினேன். அண்ணனுடைய வாய்ஸ் மெசேஜ்கள் வரிசையாக வந்தன. அமுக்க விரல் வரவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். அமுக்கினேன்.

அது பெருமாள் அண்ணன் ஏதோ கேட்டதற்குப் பதில். ஏப்ரலில் அனுப்பியது. நான் பயப்படாமல் அன்றே கேட்டிருந்தால்.

"அதெல்லாம் பெரிய வித்த இல்லண்ணே. வேல எல்லாம் பெட்டிக்கு உள்ளதான? அதனால உள்ள இருந்து பாக்கற மாதிரியே வரைவேன். பட்டர் பேப்பருல. ஒட்டும்போது கவுத்து ஒட்டிருவேன், அவ்ளோதான். அப்பறம் எந்தங்கச்சி ஒருத்தி இருக்கறா, வின்சி. அவ பெட்டிய புடிச்சான்னா அசையவே அசையாது. வாய்தான் ஆடிக்கிட்டே இருக்கும்." சிரிப்பு. பின்னால் தூரத்தில், "டேய் ஜாக்சா, தோச ஆறுது!" என்று அம்மாவின் குரல். "இரும்மா, வர்றேன்… சரிண்ணே, வெக்கறேன்."

மாடியிலிருந்து அப்பா இறங்கி வந்தார். போனைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"இன்னொன்னு இருக்கு" என்றார். "இதுக்கு மேல. அதுல பாட்டு பாடறான்."

அம்மா திரும்பி அடுப்படிக்குப் போனாள். அழத்தான் போகிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் தோசைக்கல்லைத் தேய்க்கும் சத்தம் கேட்டது.